கேட்காமலே கரையும் பேலன்ஸ்: ஏன்? எப்படி?

அம்மாவின் பட்டன் போனில் திடீரென்று திரை முழுக்க ஒரு செய்தி வந்து நின்றது. அடியில் 'ஓகே'. செய்தியைப் போக்கத்தான் அம்மா அதை அமுக்கினார், மறுபடி வந்தபோதும் அமுக்கினார். ஜோதிடச் சேவைக்குச் சம்மதித்ததாகப் பதிவாகிவிட்டது. ஆறே நாளில் முப்பது ரூபாய் போயிற்று. கூலிக்குப் போகிறவருக்கு அது சின்னத் தொகையா?

கார்டு எண் கேட்காமல் எப்படிப் பணம் எடுக்கிறார்கள்? இங்கே சிம்தான் அடையாளம், பேலன்ஸ்தான் பணப்பை. மொபைல் டேட்டாவில் ஒரு பக்கத்தைத் திறந்தால், நம் எண்ணை நெட்வொர்க்கே சேவைக்காரருக்குச் சேர்த்து அனுப்பிவிட முடியும். வைஃபையில் அந்த வழி இல்லை. அதனால் எண்ணை நம்மிடமே கேட்பார்கள். பதிவாகிவிட்டால், தவணை முடியும்போதெல்லாம் சேவை தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

இத்தகைய சேவைகளுக்கு இரண்டு முறை சம்மதம் பெற வேண்டும் என்ற விதியை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-இல் இன்னும் இறுக்கியது. ஆனாலும் இரண்டு 'ஓகே'யையும் அறியாமல் அமுக்குகிறவர்கள் இருக்கிறார்களே!

சேவையை நிறுத்த, 155223 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைக்கலாம். அதே எண்ணுக்கு 'ஸ்டாப்' என்று ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ்ஸும் அனுப்பலாம். பதில் எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள், புகாருக்கு அதுதான் சாட்சி.

இப்போது அந்தத் திரை வந்தால் அம்மா சிவப்புப் பொத்தானைத்தான் அமுக்குகிறார்.