பத்து நெல்லும் நானூறு நெல்லும்

அவலூர்பேட்டையில் ஒரு விவசாயி, கடையில் வாங்கிய விதைநெல்லில் பத்து மணியை ஈரச் சாக்கில் முடிந்து வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முளைக்கவில்லை. "அண்ணே, நூத்துக்கு முப்பது முளைக்கல" என்று கடைக்குப் போகிறார். கடைக்காரர் கம்பெனித் தாளை நீட்டுகிறார்: 400 மணியில் முளைக்காதது 72, அதாவது 18 சதவீதம். விதைநெல்லின் முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. 20 வரை முளைக்காவிட்டால் குற்றமில்லை.

யார் பக்கம் நியாயம்? இந்தக் கணக்கை வைத்துச் சொல்லவே முடியாது. விதிப்படி தேறிய, சரியாக 20 சதவீதம் முளைக்காத விதையிலேயே பத்துப் பத்தாக எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய மூன்று தடவைக்கு ஒரு தடவை, மூன்றோ அதற்கு மேலோ முளைக்காமல் போகும். அது கைக்கு வந்த மணியின் தற்செயல். அதே முப்பது சதவீதம் 400 மணியில் வந்தால் கதை வேறு: 120 மணி. தேறிய விதையில் அப்படி வர வழியே இல்லை எனலாம்.

'ஆர்' என்ற இலவச மென்பொருளில் இதைப் போட்டுப் பார்க்கலாம். பத்துக்கு மூன்று என்றால் உண்மை அளவு 7 முதல் 65 சதவீதத்துக்குள் எங்கும் இருக்கலாம் என்கிறது. 400க்கு 72 என்றால் 14 முதல் 22க்குள். இரண்டையும் ஃபிஷர் சோதனை என்ற புள்ளியியல் முறையில் ஒப்பிட்டால் பி-மதிப்பு சுமார் 0.4. இரண்டும் ஒரே தர விதையாக இருந்தாலும் இந்த அளவோ அதற்கு மேலோ வித்தியாசம் நூற்றில் சுமார் நாற்பது தடவை வரும் என்று பொருள். ஆனால் இதை விதை நல்லது என்பதற்குச் சான்றாகக் கடைக்காரர் காட்டினால் ஏற்காதீர்கள், சாட்சி போதவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். 30ஐயும் 18ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 24 என்பதும் தவறு. 410 மணியில் 75, அதாவது 18.3.

ஆகவே புகாருக்குப் போகுமுன் மூட்டையின் பல இடங்களிலிருந்து அள்ளி, நூறு நூறாக நான்கு முடிச்சு போடுங்கள். நெல்லுக்கு 14 நாள் பொறுங்கள். இல்லையேல் விழுப்புரம் விதைப் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் கட்டிப் பணி விதை மாதிரியாகக் கொடுக்கலாம். அங்கும் 400 மணிதான் கணக்கு.

ரசீது கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணை கடைக்காரரை அதற்குக் கட்டாயப்படுத்துகிறது. ரசீதில் குவியல் எண் இருக்கிறதா பாருங்கள். பையையும் அட்டையையும் எறிந்துவிடாதீர்கள். எழுத்துப் புகாரை விதை ஆய்வாளரிடம் கொடுத்தால், 1966 விதைச் சட்டப்படி கடையில் மாதிரி எடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. நட்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வாங்கிய விதைக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வழி கேட்க நுகர்வோர் உதவி எண் 1915.

விதைத்து முடித்தவருக்கு எண்ணிப் பார்க்க மணியே மிஞ்சாதே? தேசிய விதைக் கழகம் தொடர்ந்த மதுசூதன் ரெட்டி வழக்கில், விவசாயி விதையைச் சோதனைக்கு அனுப்பவில்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2012இல் ஏற்கவில்லை. வாங்கிய விதை முழுவதையும் விதைக்கத்தானே வாங்குகிறார், சோதனைக்கென ஒரு பங்கை ஒதுக்கி வைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்றது.