பந்துதான் நடுங்குகிறது, சிப் அல்ல

கோல்ஃப் பந்துக்குள் ஒரு சிப். இங்கிலாந்தின் வாட்ஃபோர்டில் 2000ஆம் ஆண்டு பிறந்த டாப்கோல்ஃப் கூடங்களில், யார் அடித்த பந்து எந்த இலக்கில் விழுந்தது என்று காட்டிக்கொடுத்தது அதுதான்.

பனிக்காலத்தில் அது மக்கர் பண்ணுமா? அது ஆர்.எஃப்.ஐ.டி. வகைச் சிப்; அதில் பேட்டரியே கிடையாது. ஆன்டெனா வீசும் ரேடியோ அலையே அதற்குத் தீனி. குளிரில் சோர்ந்துபோவது பேட்டரி வைத்த பந்துகள்தான்.

உண்மையில் அடிவாங்குவது பந்தின் ரப்பர் மையம். குளிர்ந்தால் விறைத்து, மட்டை பட்டதும் துள்ள மறுக்கும். போதாக்குறைக்கு, 30 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 0 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 11 சதவீதம் அதிகம். பந்து சீக்கிரமே தரையிறங்கும். கிட்டத்து இலக்கில் விழுந்தாலும் சிப் அதைப் போட்டுக்கொடுக்கும்!

சூடாக்கி அடிக்கலாமே? போட்டியில் நடக்காது. வேண்டுமென்றே சூடேற்றிய பந்தை அடித்தால், கோல்ஃப் விதி 4.2இன்படி தகுதிநீக்கம்.