பெயரை அழித்தால் போதுமா?



ஜகாத், மருத்துவம், கல்வி உதவி கேட்டு நீங்கள் தரும் விண்ணப்பங்களை இப்போது கணினியில் ஏற்றி வருகிறோம். அண்மையில் வெளியூர் அமைப்பு ஒன்று, பெயர்களை அழித்துவிட்டு அந்தப் பட்டியலை ஆய்வுக்குத் தரும்படி கேட்டது. பெயர்தான் இல்லையே, கொடுத்தால் என்ன என்று எங்களில் சிலருக்கும் தோன்றியது.

பெயர் போனாலும் ஆள் தெரிந்துவிடலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1990களில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயரின்றி ஆய்வுக்குத் தந்தார்கள். லத்தான்யா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, ஆளுநரின் பதிவையே கண்டுபிடித்துவிட்டார்.

ஆள் தெரியாவிட்டாலும் இன்னோர் ஆபத்து உண்டு. எந்தச் செய்தியோடு எந்தச் செய்தி சேர்ந்து வருகிறது என்று கணினி தேடுவதற்குத் தரவு அகழ்வு என்று பெயர். 'இந்தத் தெருவில் காசநோய் உதவி பெற்றோர் அதிகம்' என்று ஒரு வரி வெளியே போனால், அந்தத் தெருப் பெண்பிள்ளைகளின் சம்பந்தப் பேச்சு நின்றுபோகும். யார் பெயரும் சொல்லாமலே தெருவுக்கே பழி வந்து சேரும்.

அந்தரங்கம் கெடாமல் தரவை ஆராய்வது பற்றி ராகேஷ் அகர்வாலும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் 2000-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இத்துறையில் சேர்க்கைகளை மறைக்கவும் வழி உண்டு. குறைந்தது 10 விண்ணப்பங்களில் வரும் சேர்க்கையை மட்டுமே கணினி காட்டும் என்று வைத்துக்கொள்வோம். தெருவும் நோயும் 12-இல் சேர்ந்து வந்தால், 3-இல் தெருப்பெயரை நீக்கினால் 9 ஆகிவிடும், கணினி காட்டாது. ஆனால் அதே தெருவில் படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் கணக்கும் குறையக்கூடும். அதனால் தேவைக்கு மேல் நீக்கக் கூடாது. பட்டியலைப் பெற்றவர் 10 என்ற வரம்பை 5 ஆக்கினால், மறைத்தது மீண்டும் தெரியும்.

நம் அண்ணாகிராமம் போன்ற சிறிய ஊருக்கு அந்த மறைப்பு போதாது. ஆகவே பட்டியலைத் தரவில்லை; தெரு விவரமின்றி மொத்த எண்ணிக்கைகளை மட்டும் தந்தோம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 24-8-2017 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. சட்டத்துக்கு முன்பே, கொடுப்பதை மறைவாகக் கொடுப்பது நம் வழக்கம்.

உங்கள் விண்ணப்பத்தில் என்ன பதிந்துள்ளோம் என்று எப்போது வேண்டுமானாலும் அலுவலகத்துக்கு வந்து பாருங்கள். வேண்டாததை நீக்கச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ் நீக்கித் தருவோம்.