கூடத்துச் சுவரில் ஒரு பழைய திருப்படம்

பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டும் குடும்பங்களில் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் கூடத்துச் சுவரில் தொங்கிய திரு இருதய ஆண்டவர் படமே. சட்டத்தைக் கரையான் அரித்துவிட்டது, கண்ணாடி மங்கிவிட்டது, புதுச் சுவரின் வண்ணத்துக்கு ஒத்துவரவில்லை என்று காரணங்கள் கூறப்படும். ஈராண்டு சென்றபின் அதே குடும்பத்தார், பழமையான படம் ஒன்று இருந்தால் கூடம் எடுப்பாக இருக்குமே என்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை கடையாக ஏறி இறங்குவதையும் நாம் கண்டிருக்கிறோம். பழம்பொருள் மீது பிறந்துள்ள இந்த ஆசையைக் குறை கூற நாம் வரவில்லை. வாங்குவோர் அறிந்து வாங்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.

நம் பாட்டனார் காலத்துப் படங்களில் பெரும்பகுதி கல்லச்சில் பிறந்தவை. எண்ணெய்ப் பசையும் நீரும் ஒட்டா என்பதே அம்முறையின் சூட்சுமம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பவேரியாவில் செனெஃபெல்டர் என்பவர் இதைக் கண்டறிந்தார். சுண்ணாம்புக் கல்லின் மீது பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து, மை உருளையை உருட்டினால் வரைந்த இடம் மட்டுமே மையைப் பற்றும். 1837இல் முல்ஹவுஸ் நகரத்து எங்கெல்மன் பல வண்ணக் கல்லச்சுக்கு உரிமம் பெற்றார். வண்ணத்துக்கு ஒரு கல் வீதம், ஒரே படத்துக்குப் பத்துக் கற்களுக்கு மேலும் தேவைப்பட்டதுண்டு. அச்சிட்ட தாளின்மேல் மெருகெண்ணெய் பூசி, துணியின் இழைபோன்ற வரிகளை அழுத்திப் பதித்து, எண்ணெய் ஓவியமோ என்று மயங்கச் செய்ததே ஓலியோகிராஃப். இரவி வர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகம் இந்து தெய்வங்களின் படங்களை வீடுதோறும் கொண்டுசேர்த்ததும் இந்தக் கல்லச்சினாலேயே.

கடைக்குச் செல்லும்போது உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைச் சட்டைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்! ஆண்டவரின் கன்னத்தையோ மாதாவின் கையையோ அதன் வழியே உற்றுப் பாருங்கள். கல்லச்சாயின் புள்ளிகள் சிறிதும் பெரிதுமாய், ஒழுங்கின்றி, கையால் இட்டவைபோல் சிதறிக் கிடக்கும். நான்கு வண்ணப் புள்ளிகள் சிறு பூ வட்டங்கள்போல் வரிசை பிறழாமல் அமைந்திருந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. தாளின் மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பலாகாது; தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் பழமை ஏற்றுவோரும் உளர். உண்மையில் பழுத்த தாள், சட்டத்தின் விளிம்புக்குள் மறைந்திருந்த பகுதியில் வேறு நிறம் காட்டும். புதிய அச்சுப் படத்தை வாங்குவதில் தவறில்லை. அதற்குப் பழைய படத்தின் விலையைக் கொடுப்பதுதான் தவறு.

எந்தப் படத்தை வாங்குவது? நம் வீடுகளின் திரு இருதயப் படங்கள் பல, பொம்பெயோ பத்தோனி தீட்டி உரோமை ஜேசு ஆலயத்தில் வைக்கப்பட்டுள்ள ஓவியத்தின் சாயலைத் தாங்கியவை. புனித மார்கரீத் மரியாளுக்குப் பாரே-ல-மோனியாலில் 1673 முதல் 1675 வரை கிடைத்த காட்சிகளுக்குச் சுமார் ஒரு நூற்றாண்டு பின்னர் எழுந்தது அது. சதா சகாய மாதா படத்தைத் தெரிந்தெடுப்போர் குழந்தை இயேசுவின் காலைக் கவனிக்க வேண்டும். பாடுகளின் கருவிகளை ஏந்திய வானதூதரைக் கண்டு அஞ்சித் தாயிடம் ஓடிவந்த வேகத்தில் ஒரு காலணி கழன்று தொங்குகிறது. மங்கிய அச்சில் அது தெரியாது போயின் படத்தின் பொருளில் பாதி போய்விட்டது எனலாம். மூலப்படத்தை 1866இல் ஒன்பதாம் பத்திநாதர் திவ்ய இரட்சகர் சபையாரிடம் ஒப்படைத்தார். நம் நாட்டுக் கலையை விரும்புவோர்க்கு கோவாவில் பிறந்த ஆஞ்சலோ தா ஃபொன்சேகாவின் (1902–1967) ஓவியங்கள் உண்டு. அவர் வரைந்த மாதா சேலை உடுத்தியவள். நல்ல பிரதி கிடைத்தால் மங்கிப்போன ஐரோப்பிய அச்சைவிட அதையே நாம் தேர்ந்துகொள்வோம்.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். கடையில் சுரூபமோ, பீடத்துப் பலகையோ, அருளிக்கப் பேழையோ கண்ணில் பட்டால், அது எந்த ஆலயத்திலிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். புனிதர்களின் அருளிக்கங்களை விற்பதை 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1190ஆம் சட்டம் முற்றிலும் தடுக்கிறது. வழிபாட்டுக்கென மந்திரிக்கப்பட்ட பொருளை, அது தனியார் உடைமையாயினும், உலகியல் தேவைக்குப் பயன்படுத்தலாகாது என்கிறது 1171ஆம் சட்டம். பூசைப் பாத்திரத்தைப் பூச்சாடியாக்கும் புதுப்பாணிக்கு இதுவே விடை. நூறாண்டு கடந்த கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டு நாட்டுச் சட்டத்துக்கும் உட்பட்டவை. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்போர் இதை மறக்க வேண்டாம்.

வாங்கிய படத்தை ஈரம் ஊறும் சுவரிலும் வெயில் படும் இடத்திலும் மாட்டாதீர்கள். மெழுகுதிரியின் புகை எட்டாதிருக்கட்டும். கண்ணாடி தாளில் ஒட்டாதபடி இடையே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். ஈரத்துணியால் படத்தைத் துடைப்பது பெருங்கேடு. மீட்க முடியாதபடி சிதைந்த படத்தைக் குப்பையில் எறியாமல், எரித்துச் சாம்பலை மண்ணில் புதைப்பதே நம் முன்னோர் வழக்கம்.

சட்டத்தின் பின்பலகையைக் கழற்றிப் பாராமல் எப்படத்தையும் விற்கவும் வேண்டாம். 1907இல் மத்தேயோ அடிகளார் திரு இருதயத்தை இல்லங்களில் அரியணை ஏற்றும் பக்தி முயற்சியைத் தொடங்கியபின், அந்நாளில் வீட்டார் தம் பெயர்களை எழுதிவைப்பது வழக்கமாயிற்று. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பாகப் பிரிவினையின்போது நிலமும் பித்தளைப் பாத்திரங்களும் சகோதரர்க்குள் பங்கிடப்பட, படத்தை ஒருவரும் கேட்கவில்லை. கடைசி மகள் அதை விற்கக் கொண்டுபோனாள். நாமும் உடன் சென்றிருந்தோம். சட்டம் தேக்குதானா என்று பார்க்கக் கடைக்காரர் பலகையைக் கழற்றினார். உள்ளே மங்கிய பென்சில் எழுத்தில் ஒன்பது பெயர்கள். ஏழாவது பெயருக்கு அருகில் சிறு சிலுவைக் குறி. தமக்கு மூத்த அண்ணன் ஒருவன் மூன்று வயதில் இறந்ததை அந்தப் பெண் அன்றுதான் அறிந்தாள். கடைக்காரர் மூவாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். அவள் பலகையைப் பழையபடி பொருத்தித் தரச் சொல்லி, அதற்குரிய கூலியைக் கொடுத்துவிட்டுப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஊர் திரும்பினாள்.