நேற்றைய நெகட்டிவ்

கிள்ளானில் இருக்கும் என் அத்தைக்கு அப்போது எழுபது வயது. 2022இல் உல்லாசக் கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கிய புதிதில், மகனும் மருமகளும் மூன்று இரவுப் பயணம் ஒன்றுக்கு அவர் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். டிக்கெட் வந்த கையோடு நிபந்தனையும் வந்தது. ஏறுவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் கோவிட் சோதனை செய்த சான்று வேண்டும். வீட்டிலேயே குச்சியை விட்டுப் படம் பிடித்து அனுப்பினால் செல்லாது. கிளினிக்கிலிருந்து ஒரு நர்ஸ் வீடியோவில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முறுக்கு டின்னில் கைப்பேசியைச் சாய்த்து வைத்தோம். "இன்னும் கொஞ்சம் உள்ள விடுங்க ஆன்ட்டி, அஞ்சு சுத்து" என்றது திரையிலிருந்து ஒரு குரல். அத்தை கண்ணில் நீர் வரச் சுற்றினார். குச்சியைச் சோதனைக் குழாயின் திரவத்தில் அலசி, பிழிந்து, அட்டையின் குழியில் சொட்டு விட்டார். வெள்ளைத் தாளில் ஈரம் மெல்ல ஏறியது, திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல. 'சி' என்ற எழுத்துக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. 'டி'க்கு நேரே ஒன்றும் இல்லை. பதினைந்து நிமிடம் கழித்து நர்ஸ் தலையாட்டினார். சான்று மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது.

அத்தை அட்டையைக் குப்பையில் போடப் போனவர் நின்று கேட்டார்: "ஏம்பா, கப்பல் நாளன்னிக்குத்தானே? இன்னிக்கு இல்லேன்னா நாளன்னிக்கும் இல்லேன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. அந்த நேரத்தில் நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

முதலில் அந்தச் சிவப்புக் கோடு. அது தங்கம் என்றால் நம்புவது கடினம். தங்கத்தை மிகமிக நுண்ணிய துகளாக்கினால் மஞ்சள் நிறம் போய்ச் சிவப்பாகிவிடும். அந்தத் துகள்களில் கிருமியின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பான்களை ஒட்டித் தாளின் ஓரத்தில் காயவைத்திருப்பார்கள். சொட்டு விட்டதும் துகள்கள் மிதந்து முன்னே போகும். வழியில் கிருமியின் புரதம் இருந்தால் அதையும் இழுத்துக்கொண்டு போய் 'டி' கோட்டில் மாட்டிக்கொள்ளும். மாட்டியவை ஏராளமாகச் சேர்ந்தால்தான் கண்ணுக்குச் சிவப்பு தெரியும். மிச்சத் துகள்கள் தாண்டிப்போய் 'சி' கோட்டில் பிடிபடும்.

இதில் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. 'சி' கோடு விழுந்தால் தாள் வேலை செய்தது என்றுதான் பொருள். நீங்கள் மூக்கை ஒழுங்காகத் துழாவினீர்கள் என்று பொருள் இல்லை. குச்சியை மூக்கில் விடாமல் குழாயில் மட்டும் முக்கி எடுத்தாலும் அந்தக் கோடு அழகாக விழும். நர்ஸை வீடியோவில் உட்கார வைத்த காரணம் அதுதான். சோதனைப் பெட்டியின் சில்லறை விலைக்கு அரசாங்கம் 2021 செப்டம்பரிலேயே 19 வெள்ளி 90 காசு என்று உச்சவரம்பு போட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருப்பதற்குத் தனிக் காசு கேட்டபோது அத்தைக்குச் சுருக்கென்றது. உண்மையில் அந்தக் காசுக்குத்தான் மதிப்பு அதிகம்.

இனி அத்தையின் கேள்வி. கிருமி உடம்பில் நுழைந்த அன்றே மூக்கில் குவிந்துவிடாது. ஓமிக்ரான் வகைக்கு நோய்க்குறி தெரிய ஏறக்குறைய மூன்று நாள் ஆயிற்று. 2020இல் வந்த முதல் வகைக்கு ஐந்து நாள் போல. அத்தைக்குச் சோதனைக்கு முந்தின நாள் கல்யாண விருந்தில் தொற்றியிருந்தால், சோதனையில் ஒன்றும் தெரியாது. கப்பல் ஏறும் நாளில் அவர் கையில் நெகட்டிவ் சான்று இருக்கும், தொண்டையில் கிருமி பெருகிக்கொண்டிருக்கும். இது சோதனையின் கோளாறு அல்ல. கேமராவில் நேற்று எடுத்த படத்தில் இன்றைய முகம் எப்படி இருக்கும்?

சோதனைத் தாள் இல்லாத காலத்தில் இதற்கு ஒரே விடைதான் இருந்தது: காத்திருக்க வைப்பது. அத்தையின் அப்பா, என் தாத்தா, 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர். 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியதே, அந்தத் துறைமுகம்தான். மலாயாவுக்கு ஆள் அனுப்ப ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. அங்கே உடம்பைப் பார்த்து, அம்மை குத்தி, அதன் பிறகுதான் ஏற்றினார்கள். இந்தப் பக்கம் இறங்கியதும் மறுபடி ஒரு தனிமை முகாம்: பினாங்குக்குப் போனவர்களுக்கு ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூருக்குப் போனவர்களுக்குச் செயிண்ட் ஜான் தீவு, இங்கே இறங்கியவர்களுக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் முகாம். தாத்தாவின் மேற்கையில் இருந்த அம்மைத் தழும்பு பழைய ஒரு காசு அளவு இருக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம்.

அந்த ஏற்பாட்டைக் கொடுமை என்று மட்டும் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதற்குள் ஒரு கூர்மை இருக்கிறது. கடல் பயணம் ஏறக்குறைய ஒரு வாரம். காலரா தொற்றினால் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் தலைகாட்டிவிடும். அதாவது ஏறும்போது ஒளித்துக்கொண்டு வந்த காலரா நடுக்கடலிலேயே வெளியே வந்துவிடும். கப்பலே சோதனைக்கூடம். பெரியம்மை அப்படியல்ல, அது 7 முதல் 19 நாள்வரை உள்ளே பதுங்கியிருக்கும். கப்பல் கரை சேரும்போதும் ஆள் நலமாகவே தெரிவார். கரையில் முகாம் போட வேண்டிவந்தது இந்த இடைவெளியால்தான். ஏறும் இடத்தில் அம்மை குத்தியதற்கும் இதே கணக்கு உதவுகிறது. பெரியம்மைத் தடுப்பூசிக்கு ஒரு விசேஷம் உண்டு: நோயாளியிடமிருந்து தொற்றிய பிறகும், மூன்று நாளுக்குள் குத்திவிட்டால் பெரும்பாலும் நோயை முந்திக்கொள்ளும்.

அறிவியல் கணக்கு எல்லார்க்கும் ஒன்று. நடைமுறை ஒன்றாக இல்லை. முகாமின் கம்பிவேலி டெக்கில் படுத்து வந்த கூலிகளுக்கு. மேல்வகுப்பில் வந்தவர்களுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. 1926இல் ஓடத் தொடங்கிய ரஜுலா கப்பலுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. பெரியம்மைக் கிருமி டிக்கெட் வகுப்பைப் பார்த்துத் தொற்றும் என்று எந்த வைத்தியரும் நம்பியிருக்க முடியாது. நெரிசலில் பரவுவது அதிகம் என்று சமாதானம் சொல்லலாம். அப்படியானால் நெரிசலை அல்லவா குறைத்திருக்க வேண்டும்?

2020 பிப்ரவரியில் நெரிசல் இல்லாத கப்பல்களுக்கும் அதே கதி வந்தது. ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். அவர்களில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. சோதனை எடுத்த நேரத்தில் அந்த 712 பேரில் 331 பேருக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. கிட்டத்தட்ட பாதி. நெற்றியில் வெப்பமானியை நீட்டி நோயாளியைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அந்தக் கப்பலில்தான் மூழ்கியது. பயணத்துக்கு முன் மூக்கில் குச்சி விடும் வழக்கம் பின்னாளில் வந்ததற்கு அந்த 331 பேரும் ஒரு காரணம்.

அதே மாதம் இன்னொரு கப்பலின் கதை நம் வாசலுக்கே வந்தது. வெஸ்டர்டாம் ஹாங்காங்கிலிருந்து கிளம்பித் துறைமுகம் துறைமுகமாகத் துரத்தப்பட்டது. கடைசியில் பிப்ரவரி 13 அன்று கம்போடியாவின் சிஹானுக்வில் இடம் கொடுத்தது. கப்பலில் நோயாளி யாரும் இல்லை என்றார்கள். பிரதமர் ஹுன் சென் முகக்கவசம் இல்லாமல் வந்து பூக்கொடுத்து வரவேற்றார். இறங்கியவர்களில் 145 பேர் விமானத்தில் கோலாலம்பூருக்கு வந்தார்கள். அவர்களில் 83 வயது அமெரிக்கப் பாட்டி ஒருவருக்கு விமான நிலையத்தில் நோய்க்குறி தெரிந்தது. சோதித்ததில் பாசிட்டிவ். மறுபடி சோதித்தார்கள், அதுவும் பாசிட்டிவ். கூடவே வந்த கணவருக்கு நெகட்டிவ். பாட்டியைச் சுங்கை பூலோ மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். வெஸ்டர்டாம் பயணிகள் இனி வரக்கூடாது என்று மலேசியா கதவை அடைத்தது. உலகமெங்கும் பறந்துபோன மற்றவர்களைத் தேடும் வேலை தொடங்கியது.

பிறகு வந்ததுதான் விசித்திரம். கம்போடியாவில் மீதமிருந்தவர்களைச் சோதித்தார்கள்; ஒருவருக்கும் இல்லை. பாட்டியிடம் அடுத்தடுத்து எடுத்த மாதிரிகளிலும் கிருமி தென்படவில்லை. அவருக்குக் கோவிட் இருந்ததா என்ற கேள்வியே எழுந்துவிட்டது.

அங்கே பயன்பட்டது பி.சி.ஆர். தங்கக் கோட்டைவிடப் பல மடங்கு நுட்பமான சோதனை. கிருமியின் மரபணுத் துண்டு ஒன்றை எடுத்து, சூடாக்கி, ஆறவிட்டு, இரண்டாக்கும். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். நாற்பது சுற்று ஓடினால் ஒரு துண்டு இலட்சம் கோடியைத் தாண்டும். இந்த வலிமைதான் சங்கடமும். நோய் முடிந்து வாரக்கணக்கான பிறகும் செத்த கிருமியின் துணுக்கை அது காட்டிக்கொடுக்கும். எங்கிருந்தோ ஒட்டி வந்த தூசியளவு மாசையும் பெருக்கிக் காட்டிவிடும்.

அதே ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரிலும் கிட்டத்தட்ட இதே நாடகம். குவாண்டம் ஆஃப் த சீஸ் என்ற கப்பல் எந்த ஊருக்கும் போகாமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணத்தில் இருந்தது. ஏறும் முன்பே 1,680 பயணிகளுக்கும் சோதனை முடிந்திருந்தது. வயிற்றுப்போக்கு என்று கப்பல் மருத்துவரிடம் போன பெரியவர் ஒருவருக்கு வழக்கப்படி சோதித்ததில் பாசிட்டிவ். அவருக்கும் வயது 83. எல்லாரையும் அறைக்குள் அடைத்து, டிசம்பர் 9 அன்று கப்பலைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். கரையில் அதே மாதிரியைத் திரும்பச் சோதித்தார்கள்: நெகட்டிவ். புது மாதிரி எடுத்தார்கள்: நெகட்டிவ். பெரியவருக்குக் கோவிட்டே இல்லை.

இது ஆய்வுக்கூடக்காரர்களின் கைப்பிசகு என்று முடித்துவிடத் தோன்றும். அரிசி புடைத்தவர்களுக்கு வேறு ஒன்று தெரியும். கல் நிறைந்த அரிசியில் கையில் அகப்படுவது பெரும்பாலும் கல்தான். சுத்தமான அரிசியில் கல் தேடினால் அகப்படுவது பெரும்பாலும் நொய்யாக இருக்கும். கை அதே கை.

எண்ணில் சொன்னால் இன்னும் துலக்கமாகும். ஒரு கப்பலுக்கு 2,000 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சோதனை, நோயாளிகளில் நூற்றுக்கு 95 பேரைப் பிடிக்கும். நலமாக இருப்பவர்களில் ஆயிரத்துக்கு 5 பேரைத் தவறாகப் பிடிக்கும். நல்ல சோதனைதான். ஊரில் நோய் கடுமை, இருபதில் ஒருவருக்கு இருக்கிறது என்றால், அந்த 2,000 பேரில் 100 பேர் நோயாளிகள். 95 பேர் சரியாகப் பிடிபடுவார்கள். ஒன்பது பத்துப் பேர் வீணாக மாட்டுவார்கள். பாசிட்டிவ் என்றால் நம்பலாம். அதே சோதனையை நோய் அடங்கிய காலத்தில், ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும்போது செய்யுங்கள். நோயாளிகள் இரண்டே பேர். வீணாக மாட்டுபவர்கள் அதே பத்துப் பேர். பாசிட்டிவ் வந்த பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவது அநியாயமாக. சோதனை மாறவில்லை, ஊர் மாறிவிட்டது. பாசிட்டிவ் வந்தால் பதறாமல் இன்னொரு தடவை, முடிந்தால் வேறு வகைச் சோதனையில் பார்க்கச் சொல்வது இதனால்தான். 2020 டிசம்பரில் சிங்கப்பூரில் ஊருக்குள் நோய் ஏறக்குறைய இல்லை. அந்தப் பெரியவரின் கதை நடந்தது அப்படிப்பட்ட நேரத்தில்.

அத்தையின் கேள்விக்கு இப்போது ஒழுங்காகப் பதில் சொல்வேன். நாளை மறுநாள் இருக்காது என்று அவர்களுக்குத் தெரியாது அத்தை. கப்பலில் ஏறும் நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைக்கத்தான் அவர்களால் முடியும். பத்துப் பேர் ஏற வேண்டிய இடத்தில் மூன்று பேர் ஏறினால், கப்பலின் ஆஸ்பத்திரி தாங்கும். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று அந்தச் சான்று சொல்லவில்லை.

கோவிட் சோதனைகள் பின்னர் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. இப்போது ஏறுமுன் தரப்படுவது பெரும்பாலும் ஒரு தாள்: உடல்நல உறுதிமொழி. காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, கடந்த சில நாளில் வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டா? கர்ப்பிணிகளிடம் எத்தனை வாரம் என்று கேட்பார்கள். 24 வாரம் எட்டினால் பல கம்பெனிகள் ஏற்றுவதில்லை. கப்பலின் தலைமை மாலுமிக்கும் இதேபோல ஒரு தாள் உண்டு. கப்பலில் நோயாளிகள் உண்டா என்று எழுதித் தந்த பிறகுதான் துறைமுக சுகாதார அதிகாரி கரையோடு கலக்க அனுமதி கொடுப்பார். அதுவரை கம்பத்தில் ஒரு மஞ்சள் கொடி பறக்க வேண்டும் என்பது பழைய கடல் வழக்கம்.

வாந்திபேதி பற்றிய கேள்விதான் அந்தத் தாளில் முக்கியம். கப்பல்களை இன்று அதிகம் ஆட்டிவைப்பது நோரோவைரஸ். அதற்கு ஏறும் முன் சோதனை எதுவும் வைப்பதில்லை. சில பத்துத் துகள்கள் உள்ளே போனாலே ஆளைக் கவிழ்க்கும். பஃபேயில் எல்லார் கையும் படும் ஒரே கரண்டி அதற்குப் போதும். கையில் தடவும் ஆல்கஹால் திரவத்துக்கு அது சரியாக மசிவதில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்து ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். சாப்பாட்டுக்கூட வாசலில் "கை கழுவுங்கள்" என்று பாட்டுப் பாடி நிற்கும் ஊழியரைக் கேலி செய்யாதீர்கள். தங்கக் கோட்டைவிட அவர் செய்யும் வேலை பெரிது.

போன ஆண்டு அத்தை மறுபடி கிளம்பினார். பூலாவ் இண்டா முனையத்தில் வரிசையில் நின்றபடி தாளை நிரப்பிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மளமளவென்று 'இல்லை' போட்டவர் வயிற்றுப்போக்கில் பேனாவை நிறுத்தினார். முந்தின நாள் மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, மேலே இரண்டு பாயசம், இரவில் ஒரு தடவை எழுந்தது. என்னைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பின்னால் ஐம்பது பேர் நின்றார்கள்.

"பாயசத்துக்கெல்லாம் கணக்கு உண்டாப்பா?" என்று கேட்டார்.