‘எப்பவோ நடந்ததுதானே?’ - சிறுவயதுப் பாலியல் காயத்திலிருந்து மீண்டு வர...

‘அது எப்பவோ நடந்தது. இருபது வருஷம் ஆகுது. இன்னுமா அதையே நினைச்சுக்கிட்டு இருக்க?’

சிறுவயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான ஒருவர், பெரியவரான பிறகு தயங்கித் தயங்கி வாய் திறந்தால், வீட்டில் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் இதுதான். சொல்பவர் அக்கறையோடுதான் சொல்வார். ஆனால், காலண்டர் தாளைக் கிழிக்கக் கிழிக்கத் தானாக ஆறிவிடும் காயம் அல்ல இது. கவனித்தால் ஆறும். எந்த வயதில் கவனிக்க ஆரம்பித்தாலும் ஆறும். அதற்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. படிக்கும்போது நெஞ்சு படபடத்தால் போனை வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். நாளைக்குப் படிக்கலாம், படிக்காமலே விடலாம். முடிவு உங்களுடையது. இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போவதும் அதைத்தான். அன்று உங்களிடமிருந்து பறிக்கப்பட்டது, ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை. அதைச் சின்னச் சின்ன விஷயங்களில் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் மீண்டு வருவது.

நீங்கள் மட்டும் இல்லை

மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி எடுக்கப்பட்ட ஆய்வு. அதில் 53 சதவிகிதக் குழந்தைகள், ஏதோ ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கும் மேல் ஆண் பிள்ளைகள். துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள்.

அந்தக் குழந்தைகள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள். வேலைக்குப் போகிறார்கள், இ.எம்.ஐ கட்டுகிறார்கள், தங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறார்கள். ‘சித்தா’, ‘கார்கி’ போன்ற படங்கள் டி.வி-யில் ஓடும்போது, அவர்களில் சிலர் சத்தமில்லாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறார்கள்.

‘நான் ஏன் அப்பவே கத்தல?’

பலரை ஆண்டுக்கணக்கில் அரிக்கும் கேள்வி இது. பதில் நம் உடலிலேயே இருக்கிறது. ஆபத்து வரும்போது எதிர்ப்பது, ஓடுவது ஆகிய இரண்டும் முடியாவிட்டால், உடல் அப்படியே உறைந்துவிடும். குரல் எழும்பாது, கை கால் அசையாது. இது யோசித்து எடுக்கும் முடிவு அல்ல; மூளை தானாகச் செய்வது. ஏழு வயதுக் குழந்தைக்கு, தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஒருவர் முன் வேறு என்ன வழி இருந்திருக்கும்?

‘அவர் வாங்கித் தந்த சாக்லேட்டை வாங்கிக்கிட்டேனே’, ‘மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேனே’ என்றெல்லாம் உறுத்தும். தொடுதலுக்குத் தன் உடல் எதிர்வினை காட்டியதை நினைத்துக் கூசுபவர்களும் உண்டு. அது நரம்புகளின் வேலை, சம்மதம் அல்ல. தன்னைத்தானே குற்றம் சொல்லத் தோன்றும்போது, உங்களுக்கு அது நடந்த அதே வயதில் இருக்கும் ஒரு குழந்தையைப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம், பள்ளி வேனில் ஏறும் யாரோ ஒரு குழந்தையாக இருக்கலாம். அந்தக் குழந்தை மீது இந்தப் பழியைப் போடுவீர்களா?

முதலில் பாதுகாப்பு, பிறகுதான் பேச்சு

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் எழுதிய புத்தகத்தில், மீட்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். பாதுகாப்பை உறுதி செய்வது முதல் கட்டம். நடந்ததை நினைவுகூர்ந்து, இழந்ததற்காகத் துக்கப்படுவது இரண்டாவது. மனிதர்களோடும் வாழ்க்கையோடும் மீண்டும் ஒட்டிக்கொள்வது மூன்றாவது. உலகெங்கும் சிகிச்சையாளர்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த வரிசை முக்கியம். ‘எல்லாத்தையும் கொட்டிட்டா சரியாப் போயிடும்’ என்று நாம் நினைக்கிறோம். தூக்கமே ஒழுங்காக இல்லாதவர், துன்புறுத்தியவரோடு ஒரே வீட்டில் இருப்பவர், அவசரப்பட்டு எல்லாவற்றையும் கிளறினால் காயம் ஆழமாகலாம். முதலில் நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், கதவைத் தாழிட்டுக்கொள்ள ஓர் அறை, நம்பிப் பேச ஒருவர். இவை அமைந்த பிறகு மற்றது.

நினைவு திடீரென்று தாக்கும்போது

ஒரு வாசனை, ஒரு குரல், பஸ் நெரிசலில் ஒரு கை... சட்டென்று நீங்கள் மறுபடியும் அந்தப் பழைய அறைக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும். அப்போது மனதை ‘இன்றைக்கு’ இழுத்து வர சில வழிகள்:

* இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி ஊன்றுங்கள். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுங்கள்.

* கண்ணில் படும் 5 பொருள்கள், தொட்டு உணரக்கூடிய 4 பொருள்கள், காதில் விழும் 3 ஓசைகள், 2 வாசனைகள், 1 சுவை என்று மனதுக்குள் எண்ணுங்கள். காபித்தூளோ ஏலக்காயோ கையில் இருந்தால் போதும்.

* வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘எனக்கு இப்ப 34 வயசு. இது என் வீடு. இந்தக் கதவோட தாழ்ப்பாள் என் கையில இருக்கு.’

தியானம் எல்லோருக்கும் ஒத்துவரும் என்று நினைக்க வேண்டாம். கண்ணை மூடி உட்கார்ந்தால் சிலருக்குப் பழைய காட்சிகள் இன்னும் வேகமாக வரும். அவர்கள் கண்ணைத் திறந்தபடியே செய்யும் வேலைகளைத் தேர்ந்தெடுக்கலாம். நடப்பது, கோலம் போடுவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, பூத்தொடுப்பது எல்லாம் அந்த வகைதான்.

உடம்பு உங்களுடையது

காயம் பட்டது உடலும்தான். அதனால் மீட்சிக்கும் உடல் வேண்டும். பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடி படுப்பது, மகப்பேறு மருத்துவரின் பரிசோதனை, டெய்லர் அளவெடுப்பது... மற்றவர்களுக்குச் சாதாரணமான இவை உங்களுக்கு மலையாக இருக்கலாம். காரணத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘தொடறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத் தொடுங்க டாக்டர். நான் கையைத் தூக்கினா நிறுத்திடுங்க’ என்றால் போதும். துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். அளவு ஜாக்கெட் கொடுத்தே தைக்கச் சொல்லலாம்.

யோகா பலருக்கு உதவுகிறது. ஆனால், பின்னால் வந்து முதுகைத் தொட்டுத் திருத்தும் ஆசிரியர் ஒத்துவராது என்றால், முதல் நாளே ‘தொடாம சொல்லிக் கொடுங்க’ என்று கேளுங்கள். இப்படி ஒவ்வொரு முறை சொல்லும்போதும், அன்று வெளியே வராத ‘வேண்டாம்’ கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது.

எழுதலாமா?

எழுதலாம். மனதை அழுத்தும் விஷயத்தைத் தினமும் 15 நிமிடம், நான்கு நாள்கள் தொடர்ந்து எழுதும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் ஆராய்ந்தார். எழுத்துப் பிழை, இலக்கணம் எதையும் பார்க்க வேண்டாம். எழுதிக் கிழித்தும் போடலாம். எழுத எழுத நடுக்கம் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அந்தச் சம்பவத்தைத்தான் எழுத வேண்டும் என்பதும் இல்லை. ‘இன்னிக்கு எனக்குப் பிடிச்ச மாதிரி நான் எடுத்த ஒரு முடிவு’ என்று ஒரு வரி எழுதினாலும் நல்லதுதான்.

கல்யாண வீட்டில் ‘அவர்’ வந்தால்?

நம் குடும்பங்களில் இதுதான் பெரிய சிக்கல். துன்புறுத்தியவர் சொந்தக்காரராக இருப்பார். எல்லா விசேஷத்துக்கும் முதல் ஆளாக வருவார். ‘பெரியப்பா கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கோம்மா’ என்று விவரம் தெரியாத அத்தை முதுகில் கை வைத்துத் தள்ளுவார்.

விழ வேண்டியதில்லை. அந்த விசேஷத்துக்குப் போக வேண்டியதும் இல்லை. போவதென்றால் முன்பே திட்டமிடுங்கள். விஷயம் தெரிந்த ஒருவர் கூடவே இருக்கட்டும். கிளம்ப வேண்டும் என்றால் என்ன சைகை என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியில் போங்கள். முகூர்த்தம் முடிந்ததும் கிளம்பிவிட்டால் உலகம் ஒன்றும் இடிந்துவிடாது.

‘வயசானவர், மன்னிச்சு விட்டுடு’ என்பார்கள். மன்னித்தால்தான் மீள முடியும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மன்னிக்கத் தோன்றினால் மன்னிக்கலாம். தோன்றாவிட்டால் மன்னிக்காமலே நிம்மதியாக வாழலாம். ஆனால், அந்த நபரின் அருகில் இன்று வேறு குழந்தைகள் வளர்கிறார்கள் என்றால், அவர்களின் பாதுகாப்புக்காக 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

ஆண்களுக்கு...

‘ஆம்பளப் பையனுக்கு என்ன ஆயிடப் போகுது?’ என்ற ஒரே கேள்வியில் பல சிறுவர்களின் வாயை அடைத்திருக்கிறோம். அந்த வலி பிற்பாடு கோபமாகவோ, குடியாகவோ, யாரையும் நெருங்கவிடாத இறுக்கமாகவோ வெளிப்படலாம். ஆண் என்பதால் காயம் குறைவாகப் படுவதில்லை. உதவி கேட்பதால் ஆண்மை குறைந்துவிடுவதும் இல்லை.

தாம்பத்யத்தில்...

அன்பான கணவனோ மனைவியோ தொடும்போதும் உடல் இறுகிப்போகலாம். துணைவருக்கு அது வெறுப்பாகத் தெரியும். முழுக் கதையையும் சொல்லாமல் ‘திடீர்னு பின்னாடி வந்து கட்டிப்பிடிக்காதீங்க, எனக்குப் பயமா இருக்கு. உங்க மேல கோபம் இல்ல’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். துணைவரின் வேலை ஒன்றுதான். கேட்டுவிட்டுத் தொடுவது, ‘வேண்டாம்’ என்றால் முகம் சுளிக்காமல் விலகுவது.

நிபுணரிடம் எப்போது போக வேண்டும்?

தூக்கம் கெட்டு, பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்து, அன்றாட வேலை பாதித்தால் தாமதிக்க வேண்டாம். இப்படிப்பட்ட பாதிப்புகளுக்கென்றே உள்ள பேச்சு சிகிச்சையையும், கண் அசைவுகளைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர் சிகிச்சையையும் உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தது. ஆலோசகரிடம் முதல் சந்திப்பிலேயே, ‘சிறுவயதுப் பாலியல் பாதிப்புக்குச் சிகிச்சை தந்த அனுபவம் உண்டா?’ என்று கேளுங்கள். நம்பிக்கை வரவில்லை என்றால் வேறொருவரைத் தேடலாம். அதுவும் உங்கள் உரிமைதான்.

செலவுக்கு யோசிப்பவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்தால் அந்த நிமிடமே அழையுங்கள். சென்னையில் ‘துளிர்’ அமைப்பும், டெல்லியில் 1996-ல் தொடங்கப்பட்ட ‘ராஹி’ அமைப்பும் இந்தப் பிரச்னைக்காகவே உருவானவை.

இப்போது புகார் கொடுக்க முடியுமா?

சென்னையில் வளர்ந்து கனடாவில் வாழும் பெண் விஞ்ஞானி ஒருவர், சிறுவயதில் தனக்கு நடந்ததைப் பல ஆண்டுகள் கழித்துப் புகாராகக் கொடுக்க முயன்றார். அவர் எழுப்பிய குரலும் சேர்ந்துதான் இந்தக் கேள்வியை மத்திய அரசு வரை கொண்டுபோனது. போக்ஸோ சட்டத்தில் புகார் கொடுக்கக் காலக்கெடு இல்லை, பாதிக்கப்பட்டவர் 18 வயதைக் கடந்த பிறகும் புகார் கொடுக்கலாம் என்று 2018 அக்டோபரில் அரசு தெளிவுபடுத்தியது. அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 2012 நவம்பர் 14. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்கு அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், வழக்கறிஞரிடம் ஆலோசித்து முடிவெடுப்பது நல்லது. புகார் கொடுப்பதும் ஒரு வழி. கொடுக்காமல் உங்கள் வாழ்க்கையைப் பார்ப்பதும் ஒரு வழி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் நீங்கள் கோழை இல்லை.

உங்களிடம் ஒருவர் சொன்னால்...

இதைப் படிக்கும் எல்லோருக்கும் இது நடந்திருக்காது. ஆனால், என்றாவது ஒருநாள் உங்கள் தங்கையோ, நண்பரோ, உங்களைப் பெற்ற அம்மாவோகூட உங்களிடம் வந்து சொல்லலாம். அப்போது ‘ஏன் அப்பவே சொல்லல?’ என்று கேட்காதீர்கள். விவரம் கேட்டுத் துருவாதீர்கள். ஆத்திரத்தில் அந்த ஆளை அடிக்கக் கிளம்பாதீர்கள். அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து மூன்றே மூன்று வாக்கியங்கள் சொல்லுங்கள். ‘நான் உன்னை நம்புறேன். உன் மேல எந்தத் தப்பும் இல்ல. நான் என்ன செய்யணும்னு நீ சொல்லு.’