சாக்கடைக்கும் தராசு உண்டு!

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் கல்யாண மகாலை அண்ணாந்து பார்க்காமல் திரும்புவதில்லை. சுடுமண் குழாய் வழியே அந்த மாளிகைக்குத் தண்ணீர் கொண்டுவந்த சாமர்த்தியத்தை இன்றும் வியக்கிறோம். வந்த தண்ணீர் எந்த வழியாகப் போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. கோட்டையை விட்டு இறங்கி ஓர் அரிசி ஆலைப் பக்கம் நடந்தபோது என் மூக்குத்தான் கேட்டது!

செஞ்சி நெல்லுக்குப் பேர்போன ஊர். புழுங்கலரிசி வேண்டுமானால் நெல்லை ஊறவைத்து அவிக்க வேண்டும். ஒரு டன் நெல்லுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். ஊறல் தொட்டியிலிருந்து அது மஞ்சள் நிறத்தோடும் புளித்த வாடையோடும் வெளியேறுகிறது.

"இதில் விஷமா இருக்கிறது தம்பி? நெல் ஊறிய தண்ணீர்தானே!" என்றார் ஆலைக்காரப் பெரியவர்.

விஷமில்லை, உண்மைதான். ஆனால் பாலில் விஷமா இருக்கிறது? ஒரு லிட்டர் பாலைச் சாக்கடையில் கொட்டினால், அது சுமார் 400 லிட்டர் வீட்டுச் சாக்கடைக்குச் சமமான தொல்லை! அசுத்தத்தைத் தின்று தீர்க்கும் கிருமிகளுக்குப் பிராணவாயு வேண்டும். அந்தத் தேவையைத்தான் 'பி.ஓ.டி.' என்று அளக்கிறார்கள். வீட்டுச் சாக்கடையில் லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம். நெல் ஊறல் தண்ணீரிலோ அது 1,000-ஐயும் தாண்டுவதுண்டு. நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் இத்தனைக்கும் காற்றை ஊதித் தள்ளுவது மின்சார மோட்டார். அந்த மின்சாரத்துக்குப் பணம் யார் கொடுப்பது? அரைக்குடம் தண்ணீரில் பாத்திரம் கழுவும் அம்மாளா, ஆலைக்காரரா?

லண்டனுக்கு மேற்கே மாக்டன் என்னுமிடத்தில் 1936-இல் ஒரு பெரிய சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. தொழிற்சாலைக் கழிவுக்குக் கட்டணம் போடும் முறை ஒன்று அதன் பெயராலேயே 'மாக்டன் சூத்திரம்' என்று வழங்குகிறது. கழிவைக் குழாயில் கொண்டுபோக, அளவுக்கு ஏற்ற கூலி. சுத்தம் செய்யவோ, அளவோடு வீரியத்துக்கும் ஏற்ற கூலி. அமெரிக்காவில் பல நகரங்கள், வீட்டுச் சாக்கடையின் வீரியத்துக்கு மேற்பட்ட அசுத்தத்துக்கு ராத்தல் கணக்கில் மேல்கட்டணம் வாங்குகின்றன.

இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்தார். "மூட்டை தூக்க ஒரு கூலி, கல் பொறுக்க வேறு கூலி. அப்படித்தானே?" இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது!

தண்ணீரைக் கலந்து நீர்க்கவிட்டால் தப்பிக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். பலிக்காது. வீரியம் குறைந்தால் அளவு கூடும். மொத்த அசுத்தம் இம்மியும் குறையாது. கொண்டுபோகும் கூலிதான் ஏறும். அதைவிட ஆலையிலேயே தொட்டி கட்டி, மூடிய கலனில் புளிக்கவைத்து எரிவாயு எடுப்பது லாபம்.

நம் நாட்டிலும் 1977-இல் ஒரு தண்ணீர்த் தீர்வைச் சட்டம் வந்தது. அதில் தொழிலின் தன்மையைப் பார்த்து விகிதம் மாறியது. சுத்திகரிப்பு நிலையம் வைத்தவர்களுக்குத் தள்ளுபடியும் இருந்தது. ஆனால் அளந்தது உபயோகித்த தண்ணீரை. வெளியேறிய அழுக்கை அல்ல. 2017-இல் அந்தத் தீர்வையும் நீக்கப்பட்டது.

எல்லாக் கழிவுக்கும் கட்டண ரசீது மருந்தாகாது. தோல் பதனிடும் ஆலைகளின் உப்பையும் குரோமியத்தையும் ஊர்ச் சாக்கடையில் வாழும் கிருமிகள் தின்னுமா? பாலாற்றுப் படுகையில் நிலமும் கிணறும் கெட்ட பிறகு, 1996-இல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட், 'கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும்' என்ற நியாயத்தை நிலைநாட்டியது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அத்தகைய கழிவை வாசலிலேயே மறுப்பதுதான் முறை; காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடுவது தகாது.

செஞ்சிப் பக்கத்திலிருந்து புறப்படும் சங்கராபரணி, வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரிப் பக்கம் கடலில் சேருகிறது. வழியெல்லாம் வயல்கள், அந்த வயல்களின் நெல்தான் ஆலைக்குத் திரும்பி வருகிறது. பெரியவருக்கு அது தெரியாமலில்லை. நெல் வாங்கும்போது ஈரம் எவ்வளவு என்று பார்த்து விலை சொல்லுகிறவர், தம் கழிவையும் ஒருவர் அப்படிப் பார்ப்பது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு சந்தேகம்.

"சீசாவில் பிடிக்க வருகிற சர்க்கார் ஆள் சொல்லிவிட்டு வருவாரா, சொல்லாமல் வருவாரா?"

"சொல்லாமல் வந்தால்தான் ஐயா கணக்கு சரியாக இருக்கும்!" என்றேன்.

"அடடா!" என்று தலையைச் சொறிந்துகொண்டார்.